அய்யாக்கண்ணு சொன்ன நக்கோ

கேரம் போர்டில் தூவுவதற்குப் போரிக் பவுடரை மிஞ்சிய பொருள் இந்த உலகத்தில் இல்லை, டாக்டரம்மா. மைதா மாவு, முகத்துக்குப் போடும் பவுடர், கோலப்பொடி என்று மனிதன் எல்லாவற்றையும் தூவிப் பார்த்துவிட்டுக் கடைசியில் போரிக்கிடம்தான் வந்து சேர்ந்தான். இன்று காலையில் என் தலையணையை உதறிய நர்ஸ், கீழே விழுந்த இந்த வட்டத்தை எடுத்து, "என்ன தாத்தா, சட்டைப் பொத்தானா?" என்று கேட்டாள். இத்தனை பெரிய பொத்தான் வைத்த சட்டையை யானைதான் போட வேண்டும். இது ஸ்ட்ரைக்கர். என்னுடையது அல்ல. எப்படி என்னிடம் வந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

நேற்று நீங்கள் கேட்டீர்கள், இதற்கு முன் வயிற்றில் ஏதாவது கோளாறு உண்டா என்று. இல்லை என்றேன். அது சத்தியம். ஆனால் வேறொருவன் வயிற்றின் சரித்திரம் எனக்குத் தெரியும். என் வயிற்றைத் திறப்பதா வேண்டாமா என்று யோசிக்கும் முன்பு நீங்கள் அதைக் கேட்டுவிடுவது நல்லது. உங்களுக்குப் பாளையங்கோட்டை என்று நர்ஸ் சொன்னாள். எங்கள் பூர்வீகம் நாசரேத். தாத்தா காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்டோம். ஆகவே நாம் நேராகவே பேசிக்கொள்ளலாம், இடையில் ஆள் வேண்டியதில்லை. இடையில் ஆள் நிற்பது என்றால் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் உத்தியோகமே அதுதான்.

சம்பளப் பட்டியலில் நான் கம்பவுண்டர். சனத்நகரில் ஓர் அரசாங்கத் தொழிற்சாலை, அதற்குள்ளே ஓர் ஆஸ்பத்திரி. பெயரைச் சொல்ல மாட்டேன். ரிட்டயர் ஆனவர்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை இன்னும் ஸ்வீட் பாக்ஸ் அனுப்புகிறார்கள், அதைக் கெடுத்துக்கொள்ள மனமில்லை. அங்கே சர்ஜன் டாக்டர் அப்துல் ரஹீம். கை என்றால் அப்படியொரு கை. கொட்டாவி விடுபவனின் கடைவாய்ப் பல்லை, அவன் வாயை மூடுவதற்குள் பிடுங்கிவிடுவார் என்பார்கள். நானே பார்த்திருக்கிறேன். கொட்டாவி விட்டவன் நான்தான்.

அப்படிப்பட்டவரிடம் ஒரே ஒரு குறை. அவர் கேட்பார். நோயாளியின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, உனக்கு இன்னது வந்திருக்கிறது, இப்படிச் செய்தால் இன்ன ஆபத்து, செய்யாவிட்டால் இன்ன ஆபத்து, உன் விருப்பம் என்ன என்று கேட்பார். அவருடைய தகப்பனார் நிஜாம் காலத்து நீதிபதி. குற்றவாளியிடம்கூட "உனக்குச் சம்மதமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தண்டனை எழுதுவாராம். அது ரத்தத்தில் வந்த வியாதி. அதற்கு மருந்து கிடையாது.

நம்முடைய ஆட்களோ ஆற்காட்டுப் பக்கமும் திருநெல்வேலிப் பக்கமும் விட்டு வந்தவர்கள். சாய் குடிக்க, காய்கறி பேரம் பேச, சண்டை போட எல்லோருக்கும் தெலுங்கும் உருதும் தெரியும். ஹவ் என்றால் ஆமாம், நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் எதற்கு. இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஹைதராபாத்தில் ஒரு மனிதன் கல்யாணமே செய்துகொள்ளலாம். ஆனால் தன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பேச அவரவர் தாய் பேசிய தமிழ்தான் வேண்டும். டாக்டருக்கோ தமிழில் ஓர் எழுத்துத் தெரியாது. ஆகவே ஸ்டூலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நான் நின்றேன்.

ஆரம்பத்தில் நான் உண்மையாகத்தான் இருந்தேன். சாட்சிக்கு ஒரு மனிதர் உண்டு, லேத் பிரிவில் பாலசுப்ரமணியன் என்பவர். அவருக்குப் பித்தப்பையில் கல். டாக்டர் சொன்னதை ஒரு சொல் விடாமல் தமிழில் சொல்லி, "ஆபரேஷன் செய்யலாமா, வேண்டாமான்னு உங்களைக் கேட்கிறார்" என்றும் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"டாக்டருக்கே தெரியலியா?" என்றார்.

"தெரியும். உங்க விருப்பத்தைக் கேட்கிறார்."

"தெரிஞ்சா ஏன்யா என்னைக் கேக்கறாரு? நான் லேத்து ஓட்டறவன். அவரை நான் கேக்கறேனா, இந்த ஷாஃப்ட்ட எவ்ளோ சீவட்டும்னு?"

சாயங்காலம் ஆஸ்பத்திரி மதில் சுவரைத் தாண்டி ஓடிவிட்டார். கையில் சலைன் பாட்டில் மாட்டும் கம்பியும் கூடவே போயிற்று. மல்காஜ்கிரி வரை அதைப் பிடித்துக்கொண்டே நடந்தாராம். வழியில் இரண்டு பேர் ஏதோ சாமி ஊர்வலம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. நம்மவர்களிடம் டாக்டர் கேள்வி கேட்டால், டாக்டருக்கு வேலை தெரியாது என்று ஊர் முடிவு கட்டிவிடும். ஒரு நல்ல மனிதரின் பெயர் என் நாக்கினால் கெட வேண்டுமா? ஆகவே கேள்விகளை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைச் சொல்ல ஆரம்பித்தேன். காய்ச்சிய பாலில் ஆடையை எடுப்பது மாதிரி. பிறகு ஆபத்துகளை எடுத்தேன். அவை இருந்தால் தூக்கம் வராது. அதற்கப்புறம் பாலே கொஞ்சம்தான் மிஞ்சியது.

டாக்டர் கால்மணி நேரம் பேசுவார். நான் நோயாளியைப் பார்த்து, "ஒண்ணுமில்லடே, சின்னக் கட்டி, நாளைக்கு எடுத்திரலாமாம்" என்பேன். டாக்டர் என்னைப் பார்ப்பார்.

"பூரா போலே க்யா, சிலாஸ் மியான்?" முழுதும் சொன்னாயா என்று அர்த்தம். சிலாஸ் என் பெயர்.

"ஹவ் சாப். பூரா போல்தியா."

"இத்னா ச்சோட்டா?" இவ்வளவு சின்னதாகவா?

"தமிழ் அப்படி, சாப். பழைய பாஷை. சுருங்கிவிட்டது."

மறுபக்கமும் நான் இதையேதான் செய்தேன். தோள் கட்டியைக் கீறியபோது ஓர் ஆற்காட்டுக் கிழவர் டாக்டரின் ஏழு தலைமுறையையும் பெயர் சொல்லி விசாரித்தார். என்ன சொல்கிறார் என்று டாக்டர் கேட்டார். உங்கள் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறார் என்றேன். டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கிழவருக்குத் தினமும் ஒரு முட்டை கூடுதலாக எழுதிக் கொடுத்தார். டாக்டர்கள் சங்கத்துக் கூட்டத்தில் ஒருமுறை எழுந்து, இந்தியாவிலேயே தைரியமான சமூகம் தமிழர்கள்தான், கத்தியைக் கண்டு ஒரு கேள்வி கேட்பதில்லை என்று பேசினாராம். நம் இனத்துக்கு அப்படியொரு நற்பெயர் வாங்கிக் கொடுத்தவன் நான். யாருக்கும் தெரியாது.

சூசைராஜ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், மறைத்தேன் என்று இருக்கக்கூடாது. மெஷின் ஷாப்பில் இருந்தான், குடல் இறக்கம். டாக்டர் சொன்னது இது: அவசரமே இல்லை, பெல்ட் கட்டிக்கொண்டால் போதும், அவனுக்கு எப்போது சௌகரியமோ அப்போது செய்யலாம், கேள். சூசைராஜ் சொன்னது, "கிறிஸ்மஸ் போகட்டும்ணே." நான் டாக்டரிடம், நாளைக்கே செய்யச் சொல்லிக் கெஞ்சுகிறான் என்றேன். சூசைராஜிடம், நாளைக்குச் செய்யாவிட்டால் வெடித்துவிடுமாம் என்றேன். என்றைக்கிருந்தாலும் செய்ய வேண்டிய ஆபரேஷன், முன்னாலேயே முடிந்தது. இன்றைக்கும் அவன் என்னை எங்கே கண்டாலும் கையைப் பிடித்துக்கொள்கிறான், உயிரைக் காப்பாற்றினீங்கண்ணே என்று.

அந்த வாரம்தான் எங்கள் தொழிற்சாலையின் சார்பாக ஆடப்போகும் கேரம் ஜோடியைத் தேர்ந்தெடுக்கும் ஆட்டம் இருந்தது. சூசைராஜ் ஜோடி பலமான ஜோடி. அது தற்செயல்.

இப்போது அய்யாக்கண்ணுவுக்கு வருகிறேன்.

குடியாத்தத்துக்காரன். ஃபவுண்டரியில் உருக்கிய இரும்பை வார்ப்பில் ஊற்றும் வேலை. வலது ஆட்காட்டி விரல் நுனி சுட்டுச் சுட்டுக் கொம்பு மாதிரி ஆகிவிட்டது. அந்த விரலால் அவன் ஸ்ட்ரைக்கரைத் தட்டினால் சத்தமே வராது. ரெட் தானாக எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, குழியை நோக்கி நடக்கும். ரெட்டை அடுத்துப் போட வேண்டிய ஃபாலோ காயும் பின்னாலேயே துணைக்குப் போகும். எதிரில் உட்கார்ந்து ஆட நான். ஆஸ்பத்திரிக் கையிருப்பிலிருந்து போரிக் பவுடரும் நான். அப்படி ஒரு ஜோடியை ஆண்டவன் யோசித்துத்தான் சேர்த்திருக்க வேண்டும்.

நகரத்து அரசாங்கத் தொழிற்சாலைகளுக்குள் இரட்டையர் ஆட்டத்துக்கு ஒரு ஷீல்டு உண்டு. நெஞ்சளவு உயரம், வெள்ளி முலாம். பட்டான்செரு பக்கத்துத் தொழிற்சாலைக்காரர்கள் அதை வருஷாவருஷம் வாங்கி, வாங்கி, கடைசியில் அதன் மேல் துணி காயப்போட ஆரம்பித்துவிட்டார்கள் என்று கேள்வி. அறுபத்தொன்பதாம் வருஷம் எங்களுக்கு நேரம் வந்திருந்தது. அரை இறுதியையும் ஜெயித்துவிட்டோம். இறுதி ஆட்டம் பொங்கல் கழித்து.

கிறிஸ்மஸுக்கு முன்பு அய்யாக்கண்ணுவுக்குச் சோறு இறங்கவில்லை. டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவில்லை, அது அவர் வழக்கம் இல்லை. அய்யாக்கண்ணு எதிரிலேயே ஸ்டூலைப் போட்டு, அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னார். இரைப்பையில் கெட்ட கட்டி. இந்த மாதத்துக்குள் அறுத்தெடுத்தால் பிழைக்க வழியிருக்கிறது, மேசையிலேயே போய்விடவும் வழியிருக்கிறது. பிழைத்தாலும் பல மாதம் கட்டில்தான். வேண்டாமென்றால் கோடைக்குள் முடியும். அதற்குள் ஊருக்குப் போய் மனிதர்களைப் பார்த்துவிடலாம், வலிக்கு மருந்து தருகிறேன். இரண்டில் எது என்று அவன்தான் சொல்ல வேண்டும்.

அய்யாக்கண்ணு என் பக்கம் திரும்பினான். "இன்னாண்ணே சொல்றாரு? ரொம்ப நேரமா பேசறாரே."

"கேஸுடே. வெறும் கேஸு. வாயுத் தொல்லை."

"அதுக்கா இவ்ளோ பேச்சு?"

"படிச்சவங்க அப்படித்தான்."

சிரித்தான். டாக்டரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்கிறான், சாப் என்றேன்.

டாக்டரம்மா, உங்கள் முகம் மாறுகிறது. கொஞ்சம் பொறுங்கள். மனிதனைப் பயமுறுத்துவது சுலபம். வேண்டுமானால் நீங்களே யோசித்துப் பாருங்கள், அந்த நிமிஷத்தில் நான் முழுவதையும் கொட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும். அய்யாக்கண்ணு பயந்த சுபாவம். கரப்பான் பூச்சிக்குக்கூட வழிவிட்டு நிற்பான். அவன் விரல் நடுங்கியிருக்கும். நடுங்குகிற விரலை வைத்துக்கொண்டு அவன் வாழ்க்கையில் என்ன செய்வது?

ஜனவரி முதலில் டாக்டர் மறுபடி கேட்டார். பொங்கல் கழியட்டும் என்கிறான் என்றேன். டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பொங்கல் அவ்வளவு முக்கியமா என்றார். என் மதத்துக்காரன் இல்லை சாப், எனக்கெப்படித் தெரியும் என்றேன்.

இதற்கிடையில் அவன் மனைவி நாகம்மா என்னைத் தேடி மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கே வந்தாள். நல்ல பெண், என்னைக் கூடப்பிறந்தவனாக நினைப்பவள்.

"அண்ணே, எங்க ஊருக்குப் பக்கத்துலதான் வேலூரு. அங்க பெரிய ஆஸ்பத்திரி கீது. நம்ம பாஷையிலயே கேப்பாங்க, சொல்லுவாங்க. ஒருவாட்டி காட்டிட்டு வந்துட்டா இன்னா? பெட்டிகூட கட்டிட்டேன்."

"தாராளமா போங்கம்மா. ஆனா பெரிய ஆஸ்பத்திரின்னா முதல்ல கத்தியத்தான் எடுப்பாங்க. கேஸுக்குப் போயி வயித்தக் கிழிச்சுக்கிட்டு வரணுமா, பாத்துக்கிடுங்க."

அவள் ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். "நீங்க சொன்னா சரிதாண்ணே" என்று போய்விட்டாள். கட்டிய பெட்டியை அவிழ்த்துவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். வேலூருக்குப் போக வேண்டாம் என்று முடிவெடுத்தது அவள்தான். நான் தாராளமாகப் போகச் சொன்னேன்.

பொங்கலுக்கு மறுநாள் டாக்டர் மூன்றாவது முறையாக வந்தார். அன்று ஸ்டூலில் உட்காரவில்லை. அய்யாக்கண்ணுவின் கட்டிலிலேயே உட்கார்ந்து, அவன் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். வெகுநேரம் பேசினார். தன் உள்ளங்கையில் வயிறு மாதிரி வரைந்து, அதில் கட்டியைக் காட்டி, கத்தியைக் காட்டி, வானத்தைக் காட்டினார். பக்கத்துக் கட்டில் தெலுங்குக்காரர் எட்டிப் பார்த்தார். எனக்கு வியர்த்துவிட்டது. கடைசியில் டாக்டர் என்னைப் பார்த்து, இனிமேல் தள்ள முடியாது, இவன் வாயால் இன்றைக்கு எனக்குப் பதில் வேண்டும், உன் வாயால் வேண்டாம் என்றார்.

என்மேல் சந்தேகமில்லை. மரியாதைக்குச் சொன்னார்.

நான் அய்யாக்கண்ணுவிடம் குனிந்தேன். "ஏ, டாக்டர் சொல்றதக் கேளு. கேரம் வெளாட்ட இன்னையோட விட்டுரணுமாம். உக்காந்து உக்காந்துதான் வயித்துல கேஸ் ஏறுதாம். விட்டிருதியா?"

அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டாக்டர் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டான். கண்ணில் தண்ணீர். தனக்குத் தெரிந்த உருதையெல்லாம் திரட்டி அவனே சொன்னான்.

"நக்கோ சாப். நக்கோ. ஜான் கயே தோ பி நக்கோ."

உயிரே போனாலும் வேண்டாம்.

இந்த வாக்கியத்தை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அது முழுக்க அவனுடையது. டாக்டர் அசந்துவிட்டார். இத்தனை வருஷ சர்வீஸில் இவ்வளவு தெளிவான ஒரு பதிலை அவர் கேட்டதில்லை. எழுந்து நின்று, அவன் தலையில் கை வைத்து, "உஸ்கி மர்ஜி. இன்ஸான் கா ஹக் ஹை" என்றார். அவன் விருப்பம், அது மனிதனின் உரிமை. வெளியே வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இப்படி ஒரு மனிதனை வற்புறுத்த எனக்கு என்ன அதிகாரம் இருக்கிறது, மியான் என்று கேட்டார். இல்லை சாப் என்றேன்.

அய்யாக்கண்ணு என்னிடம், "நல்லவேளண்ணே, விட்டுட்டாரு. பிடிவாதக்காரர் போலகீதே" என்றான்.

இறுதி ஆட்டம் எங்கள் தொழிற்சாலைக் கேன்டீனில் நடந்தது. அதற்குள் அவன் பாதியாக இளைத்துவிட்டான். ஃபவுண்டரிக்காரர்கள் அவனை நாற்காலியோடு தூக்கி வந்து வைத்தார்கள். வலி மரத்துப்போக நான் ஓர் ஊசி போட்டிருந்தேன். எனக்கு அதிகாரமில்லாத ஊசிதான். ஆனால் அன்றைக்கு டாக்டரைக் கேட்டிருந்தாலும் மறுத்திருக்க மாட்டார். அவரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

ஆட்டத்தை விவரித்தால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். கடைசிப் போர்டில் எங்களுக்கு ஒரு காயும் ரெட்டும் மிச்சம், எதிராளிக்கு ஒரே ஒரு காய். ரெட் அய்யாக்கண்ணு பக்கத்துக் கட்டையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அதை எடுக்க முடியாது என்று ரெஃபரியே தலையாட்டினார். அய்யாக்கண்ணு அடித்த ஸ்ட்ரைக்கர் நாலு கட்டையையும் தொட்டு, கொஞ்சம் நின்று, யோசித்து, ரெட்டின் முதுகில் ஒரு தட்டுத் தட்டியது. ரெட் போயிற்று. அடுத்த அடியில் ஃபாலோவும் போயிற்று. கேன்டீன் தகரக் கூரை ஓர் அங்குலம் மேலே எழும்பி மறுபடி உட்கார்ந்தது. அந்த இடைவெளியில் நான் வானத்தைப் பார்த்தேன்.

டாக்டர் அப்துல் ரஹீம் மேடையேறிச் சொன்னார்: இந்த மனிதன் தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தவன், முழுவதும் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுத்தவன், இவனிடம் நான் பாடம் கற்றுக்கொண்டேன். உருதுவில் சொன்னதால் அய்யாக்கண்ணுவுக்குப் பாதிதான் புரிந்தது. "இன்னாண்ணே சொல்றாரு?" என்று வாய்க்குள் கேட்டான். நல்லா ஆடினியாம் என்றேன்.

அதற்குப் பிறகு சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். சத்தியமாக இருந்தேன். ஆனால் டாக்டரிடம் விசாரித்தபோது, இனிமேல் கத்தி வைத்துப் பயனில்லை என்றார். பயனில்லாத விஷயத்தை ஒருவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

கடைசி நாட்களில் பகலெல்லாம் அவன் பக்கத்தில் இருந்தேன். ஊருக்குப் போவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஓர் அண்ணன் உண்டு, குடியாத்தத்தில் தறி நெய்கிறவர். ஏதோ வாய்த்தகராறு, பல வருஷமாகப் பேச்சில்லை.

"வைகாசில கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வருதில்லண்ணே. அந்தக் கூட்டத்துல அண்ணன் கால்ல விழுந்துட்டா ஒண்ணும் தெரியாது. அப்பறமா சேந்து வந்துடலாம். இந்த கேஸு மட்டும் கொஞ்சம் வுட்டுச்சுன்னா."

"விட்டிரும்டே" என்றேன்.

வைகாசி பிறப்பதற்கு முன்பே போய்விட்டான். அண்ணன் வந்தார். முகம் அப்படியே அய்யாக்கண்ணு. வாசலில் நின்று என்னிடம் கேட்டார், "இத்தினி நாளா படுத்துக்கினு இருந்திருக்கான். சாகப் போறேன்னு ஒரு வார்த்த எழுதிப் போட்டிருக்கக் கூடாதா? அவ்ளோ கோவமா எம்மேல?"

"அவனுக்கே தெரியாதுய்யா" என்றேன். அது உண்மை. அந்த விஷயத்தில் நான் வாயைத் திறந்து சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

காரியம் முடிந்ததும் நாகம்மா இந்த ஸ்ட்ரைக்கரை என் கையில் வைத்தாள். கடைசிவரைக்கும் கூட இருந்தது நீங்கதாண்ணே என்றாள். வாங்கிக்கொண்டேன். ஷீல்டு கேன்டீன் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது, எங்கள் இருவர் பெயரும் பொறித்திருக்கும். என் பெயர் முதலில். அகரவரிசைப்படி அவன் பெயர்தான் முதலில் வர வேண்டும் என்று ஒருவர் சொன்னார். ஆங்கில அகரவரிசையிலும் அப்படித்தானாம். பொறித்தாகிவிட்டது, விட்டுவிட்டோம்.

ஆக, டாக்டரம்மா, செய்தவன் நான்தான். பிழைக்க ஒரு வழி இருந்தது, அதை அவன் காதில் போடவில்லை. ஊருக்குப் போக ஒரு வழி இருந்தது, அதையும் போடவில்லை. டாக்டர் உயிரைப் பற்றிக் கேட்டார், நான் கேரத்தைப் பற்றிக் கேட்டேன். அவன் கேரத்துக்குச் சொன்ன பதிலை உயிருக்குச் சொன்னதாக வாங்கிக் கொடுத்தேன். ஷீல்டுக்காகச் செய்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். ஷீல்டும் கிடைத்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவன் ஒரு நாள்கூடப் பயப்படாமல் செத்தான். அது லேசான காரியமில்லை. எத்தனை பேருக்கு வாய்க்கும்?

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், நேற்று வராந்தாவில் நீங்கள் என் மகன் ஜேசுராஜோடு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் கால்மணி நேரம் பேசினீர்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை. முதலில் சொன்னது காதில் விழவில்லை, அவன் கடைசியில் சொன்னது விழுந்தது. "டாடி இஸ் நாட் வில்லிங், டாக்டர்." அப்பாவுக்கு இஷ்டமில்லை. இஷ்டமா இல்லையா என்று என்னை யாரும் கேட்டிருக்கவில்லை. எதற்கு என்று இதுவரை யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை.

பிறகு அவன் உள்ளே வந்தான். தமிழ் புரியும், ஆனால் வாயில் தெலுங்குதான் வரும், இங்கே படித்த பிள்ளை. போர்வையைச் சரிசெய்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏமி லேது டாடி. கேஸ் அந்தே" என்றான்.

ஒன்றுமில்லை, வெறும் கேஸ்.

தொழில்காரனுக்குத் தொழில் தெரியும், டாக்டரம்மா. கால்மணி நேரப் பேச்சு இரண்டு வார்த்தையாகச் சுருங்கினால் நடுவில் எவ்வளவு ஆடை எடுக்கப்பட்டிருக்கிறது என்று எனக்குச் சொல்லித்தர வேண்டாம். காரணமும் தெரியும். என் பேத்தி பியூலாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மண்டபம் பேசியாகிவிட்டது. அதுவரை கிழவன் போட்டோவில் சிரித்த முகமாக உட்கார்ந்திருக்க வேண்டும். நல்ல எண்ணம்தான். என் மேல் உயிரையே வைத்திருக்கிறான்.

ஆனால் அய்யாக்கண்ணு வேறு, நான் வேறு. அவன் பயந்த சுபாவம், விவரம் தெரியாதவன். எனக்கு எல்லாவற்றையும் தாங்கும் நெஞ்சு இருக்கிறது. பார்க்க வேண்டிய ஆட்கள் இருக்கிறார்கள், பேசித் தீர்க்க வேண்டியது இருக்கிறது. குடியாத்தத்தில் ஒரு தறிக்காரர் இன்னும் உயிரோடு இருக்கிறாராம். மகன் சாய் வாங்கக் கீழே போயிருக்கிறான், வருவதற்குள் அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள். எல்லாவற்றையும் சொல்லுங்கள், ஒரு சொல் விடாமல், பூரா. பெற்ற மகனாகவே இருக்கட்டும், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் வயிற்றைப் பற்றி முடிவு செய்ய அவன் யார்?